லேசர் மிஷின் முன்னால் வரிசையில் நின்ற மூன்று மாதம்

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 31 வருடம் லேத் ஓட்டியவருடைய மகள் நான். அப்பாவின் சட்டைப் பையைத் துவைக்கப் போடும்போது சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் ஒரு மிஷினைக் கற்றுக்கொள்ளப் போய் 26,000 ரூபாயை விட்டுவிட்டு வந்தேன் என்றால் அவருடைய பழைய சிநேகிதர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இதை யாராவது எனக்கு ஆகஸ்ட் மாதமே சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டிலிருந்தே விசேஷங்களுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் செய்து கொடுப்பது என் தொழில். தாம்பூலப் பை, சந்தனக் கிண்ணம் வைக்கிற தட்டு, கொலு அலங்காரம், பெயர்ப்பலகை. மரப்பலகையில் பெயர் வெட்டுகிற வேலையை மட்டும் வெளியே ஒரு கட்டிங் கடையில் கொடுத்து வாங்குவேன். அந்தக் கடைக்காரர் சொன்ன தேதியில் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. "நீயே ஏன் கத்துக்கக் கூடாது?" என்று என் நாத்தனார் ஒரு நாள் கேட்டார். அந்த வாரமே, பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு மேக்கர்ஸ்பேஸ் இருப்பது கண்ணில் பட்டது. லேசர் கட்டர், 3டி பிரிண்டர், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைக் குடைகிற சி.என்.சி. ரவுட்டர், தச்சு மேஜை, சால்டரிங் மேஜை எல்லாம் ஒரே கூரையின் கீழ். மாதச் சந்தா கட்டினால் யார் வேண்டுமானாலும் வந்து செய்துகொள்ளலாம் என்றார்கள். எனக்கு அது ஊர்ப் பொதுக் கிணறு மாதிரித் தோன்றியது.

இந்த மாதிரிக் கூடங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் வைத்திருந்தேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற பேராசிரியர் 1998-இல் 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி' என்று ஒரு வகுப்புத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபேப் லேப் என்கிற பொதுத் தொழிற்கூடம். எம்.ஐ.டி.க்கு வெளியே முதல் ஃபேப் லேப் வந்தது ஐரோப்பாவில் இல்லை. நம் நாட்டில், புனே அருகே பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்தில், 2002-இல். பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க 1983-இலேயே கல்பாக் என்ற விஞ்ஞானி தொடங்கிய இடம் அது. இதையெல்லாம் படித்துவிட்டு, 'மேக்கர்' என்று போர்டு தொங்குகிற எல்லா இடமும் பாபல் மாதிரி இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தப்பு அவர்கள் பேரில் மட்டும் இல்லை.

முதலில் ஒரு சனிக்கிழமை 'லேசர் கட்டிங் அறிமுகம்' வொர்க்‌ஷாப். கட்டணம் 3,200, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 3,776 ரூபாய். காலை 10 முதல் மாலை 5 வரை. 14 பேர் வந்திருந்தோம், மிஷின் ஒன்று. மத்தியானம் வரை ஸ்லைடு. லேசர் என்றால் என்ன, எங்கெங்கே பயன்படுகிறது, வெளிநாட்டில் என்னென்ன செய்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாக நின்று, ஒவ்வொருவரும் அவர்கள் முன்பே போட்டு வைத்திருந்த ஃபைலில் தன் பெயரை மாற்றி ஒரு சாவிக்கொத்து வெட்டிக்கொண்டோம். என் முறை வந்தபோது மணி பார்த்தேன். மிஷின் முன்னால் நான் நின்றது 7 நிமிடம். அதில் என் விரல் பட்டது இரண்டு பட்டனில். மூடியைத் திறந்ததும் பலகையை வைத்ததும் லென்ஸ் உயரத்தைச் சரிபார்த்ததும் அங்கே வேலை செய்த தம்பிதான். சாவிக்கொத்து அழகாக வந்தது. அந்த அழகில்தான் ஏமாந்தேன். எனக்கு லேசர் கட்டிங் தெரியும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். எந்த வொர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கை மிஷின் மேல எவ்வளவு நேரம் இருக்கும்?" எத்தனை பேர், எத்தனை மிஷின் என்று கேட்டாலே கணக்கு வந்துவிடும். மத்தியானம் மூன்று மணி நேரத்தை 14 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 13 நிமிடம்கூடத் தேறாது. அதிலும் பாதி, முன்னால் நிற்பவர் தன் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதில் போய்விடும். அதே இடத்தில் பிறகு நான் போன சால்டரிங் வகுப்பு இதற்கு நேர் எதிர். 8 பேர், 8 சால்டரிங் அயர்ன், ஆளுக்கொரு சின்ன எல்.இ.டி. விளக்கு கிட். சொல்லிக்கொடுத்தவர் சென்னை ரிச்சி தெருவில் பல வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்த பெரியவர். ஸ்லைடு எதுவும் இல்லை. "ஈயத்தை அயர்ன்ல உருக்காதம்மா, பேடைச் சூடாக்கு, ஈயம் அதுவா ஓடி வரும்" என்று ஒரு வரி. பேட் என்றால் போர்டில் ஈயம் ஒட்ட வேண்டிய செம்புத் தகடு. அப்புறம் 40 பொட்டு வைக்கச் சொன்னார். முதல் பத்தும் வெள்ளைப் பூண்டு மாதிரி உருண்டு நின்றன. முப்பதாவதில் கை பிடிபட்டது. 900 ரூபாய்க்கு நான் உருப்படியாகக் கற்றது அதுதான்.

விட்ட கதைக்கு வருகிறேன். சாவிக்கொத்து ஜோரில் மூன்று மாதச் சந்தாவை ஒரேயடியாகக் கட்டினேன். மாதம் 4,500, வரியோடு 15,930. அது போக டெபாசிட் 5,000. ஒரு மாதம் மட்டும் கட்டிப் பார்க்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மூன்று மாதம் என்றால் ஒரு வொர்க்‌ஷாப் இலவசம் என்றேன். நான் போன அந்த 900 ரூபாய் சால்டரிங் வகுப்பு அந்த இலவசத்தில் சேராது என்று பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 1-ஆம் தேதி பலகையோடு போய் நின்றேன். தனியாக மிஷின் ஓட்ட 'இண்டக்‌ஷன்' என்கிற அறிமுகப் பயிற்சி முடித்திருக்க வேண்டுமாம். வொர்க்‌ஷாப் போனது கணக்கில் வராதாம். இண்டக்‌ஷன் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, ஒரு தடவைக்கு 4 பேர். முதல் புதன் நிரம்பிவிட்டது. எனக்குக் கிடைத்தது 18-ஆம் தேதி. சந்தா மட்டும் 1-ஆம் தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. 17 நாள், கிட்டத்தட்ட 3,000 ரூபாய், சும்மா போனது. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். விதிகள் எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தன. போட்ட பிறகுதான் படித்தேன். சந்தாவை இண்டக்‌ஷன் முடிந்த நாளிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குப் பிறகு சேர்ந்த ஒரு பெண் கேட்டார், கொடுத்தார்கள்.

அந்தத் தாளில் இருந்த இன்னும் இரண்டு விஷயம்: மிஷின் நிமிடத்துக்கு 12 ரூபாய் தனி, ஒரு உறுப்பினருக்கு வாரம் 2 மணி நேரம்தான் லேசர். இந்த இரண்டும் தெரியாமல் நான் ஒரு ஆர்டர் வாங்கி வைத்திருந்தேன். ஐப்பசியில் ஒரு வளைகாப்பு. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு வைக்க, 40 மர மாடம். ஐந்து துண்டுகளைக் காடியில் செருகினால் மாடம் நிற்கும், மேலே பெண்ணின் பெயர் தமிழில் எழுந்து நிற்க வேண்டும், பின்பலகையில் கோலம். ஒன்று 220, ஆக 8,800 ரூபாய். 4,000 முன்பணம் வாங்கியாயிற்று. பெண்ணின் பெயரை இங்கே மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அடி விழுந்தது பொருளில். வெள்ளையாக, வழவழவென்று, எடையே இல்லாமல் சன்போர்டு என்று விற்பார்களே, பேனர் கடைகளில் வைத்திருப்பார்கள், அதில் செய்தால் பெயின்ட் செலவு மிச்சம் என்று இரண்டு பெரிய ஷீட் வாங்கிப் போனேன். மிஷின் தம்பி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். "அக்கா, இது பி.வி.சி. இதை உள்ள வச்சா நாம ரெண்டு பேரும் வெளிய ஓடணும்." பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. லேசர் சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே வரும். ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஈரம் என்றால் காற்றில் இருக்கும் ஈரம், நம் நுரையீரலில் இருக்கும் ஈரம் எல்லாம்தான். மிஷினின் தண்டவாளக் கம்பி துருப்பிடிக்கும், லென்ஸும் கெட்டுப்போகும். சன்போர்டு மட்டும் இல்லை, ஃபிளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், பை தைக்கிற ரெக்சின், இவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி.தான். நான் ரெக்சினில் பர்ஸ் வெட்டுகிற யோசனையும் வைத்திருந்தேன். விற்பவருக்கு அது என்ன பிளாஸ்டிக் என்று தெரியாது. "எல்லாம் கட் ஆவும் மேடம்" என்பார். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. செப்புக் கம்பியை இடுக்கியில் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் தீ பச்சையாக மாறும். பச்சை என்றால் குளோரின் உண்டு, லேசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இதை மொட்டைமாடியில், காற்று போகிற பக்கம் நின்று செய்யுங்கள். சமையலறையில் செய்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் சொல்கிறேன்.

சன்போர்டை மூட்டை கட்டிவிட்டு 3 மி.மீ. எம்.டி.எஃப் வாங்கினேன், மரநாரை அழுத்திச் செய்கிற பலகை. இனி ஃபைல் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேசர் சொல்லிக்கொடுத்தவர்கள் யாருமே தமிழ் எழுத்து வெட்டியவர்கள் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. முதலில் எழுத்துருத் தொல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் 'மீனாட்சி' என்று ஜம்மென்று இருந்தது. அங்கே போய்த் திறந்தால் அந்த எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாததால் வெறும் கட்டங்கள். அடுத்த நாள் வேறு ஒரு பழைய எழுத்துருவில் போட்டுக் கொண்டுபோனேன். அது யூனிகோடு என்கிற, எல்லாக் கணினிக்கும் பொதுவான முறையில் இல்லை, ஏதோ ஆங்கில எழுத்துகளாக வந்தது. இரண்டு நாள், போக வர பஸ், முன்பதிவு செய்த மிஷின் நேரம், அதாவது ஸ்லாட், இரண்டு வீண். வழி ரொம்பச் சுலபம். வீட்டிலேயே எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிட வேண்டும். இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' என்று இருக்கும், கோரல் டிராவில் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்'. அதன் பிறகு அது எழுத்து இல்லை, வெறும் கோடு. எந்தக் கணினியிலும் மாறாது. மாற்றுவதற்கு முன்னால் ஒரு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது.

மூன்றாவது நாள் ஃபைல் சரியாகத் திறந்தது. வெட்டியது. மூடியைத் திறந்து பெயரைத் தூக்கினேன். கையில் 'மீ' மட்டும் வந்தது. மீதியெல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. மிஷினுக்கு அடியில் தேனடை மாதிரிக் கட்டம் கட்டமாக ஒரு தட்டு இருக்கும். 'ட்' மேலிருந்த புள்ளி அந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்தே போயிற்று. யோசித்துப் பாருங்கள். மீ ஒன்று, ன ஒன்று, கால் ஒன்று, ட ஒன்று, புள்ளி ஒன்று, சி ஒன்று. ஆறு துண்டு. ஆங்கிலத்தில் புள்ளி வைத்த எழுத்து சின்ன ஐ-யும் ஜே-யும் மட்டும்தான். இந்தியில் தலைக்கோடு ஓடிப்போய் எல்லா எழுத்தையும் கோத்துப் பிடித்துக்கொள்ளும். நம் எழுத்தில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக்குடித்தனம். செந்தில் என்ற பெயரை வெட்டினால் ஏழு துண்டு வரும். பிறந்தநாள் கேக் மேலே தமிழில் பெயர் செருகித் தருகிறவர்களைப் பார்த்து எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

இதற்கு நான் கண்டுபிடித்த தீர்வைச் சொல்கிறேன். வேறு யாரிடமாவது நல்ல வழி இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை நெருக்கி ஒன்றன்மேல் ஒன்று அரை மி.மீ. ஏறுகிற மாதிரி வைக்க வேண்டும். அடியில் ஒரு பட்டை கொடுத்து எல்லா எழுத்தின் பாதத்தையும் அதில் நிறுத்த வேண்டும். புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்தின் தலையைத் தொடும்படி இறக்க வேண்டும்; பார்க்கப் பொட்டு வைத்த மாதிரி அழகாகவே இருக்கும். பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'யூனியன்' கொடுத்தால் ஒரே வடிவமாகிவிடும். யூனியன் மறந்தால், எழுத்துகள் ஒட்டியிருக்கிற மாதிரி தெரிந்தாலும் லேசர் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் வெட்டும். இதில் ஒரு தடவை மாட்டினேன். பலகையில் எழுத்தை ஓட்டையாக வெட்டி வெளிச்சம் வரவைப்பதென்றால் தொல்லை தலைகீழ்: புள்ளி ஓட்டையாக நிற்கும், ஆனால் 'அ', 'ஐ', 'ண' போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் மரம் உதிர்ந்துவிடும். அதற்குச் சுழிக்குள் ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். இந்தப் பாடத்துக்கு மட்டும் எனக்கு 5 ஸ்லாட் செலவு. இதில் ஒன்றைக்கூட மிஷின் முன்னால் நின்று கற்க வேண்டியதில்லை. தாளில் பிரின்ட் எடுத்து, கத்தரியால் வெட்டிப் பார்த்தாலே கையோடு எத்தனை துண்டு வருகிறது என்று தெரிந்துவிடும். இப்போது அதைத்தான் செய்கிறேன்.

பெயர் ஒழுங்காக வந்தது. இனி மாடம். ஐந்து துண்டையும் செருகிப் பார்த்தேன். ஆடியது; ஒரு பக்கம் சாய்ந்து, பழைய பெஞ்சு மாதிரி லொடலொட என்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தடிமன் அளக்கிற தன் வெர்னியரை எடுத்துவந்து பலகையின் ஓரத்தைப் பிடித்தார்.

"எவ்வளவுன்னு வாங்கின?"

"மூணு மில்லிப்பா."

"ரெண்டு புள்ளி ஏழு இருக்கு."

கடையில் 3 மி.மீ. என்று சொல்வது பெயருக்குத்தான். அளந்து பார்த்தால் கூடவோ குறையவோ இருக்கும், ஷீட்டுக்கு ஷீட் மாறும். அது ஒரு பக்கம். லேசரின் வெட்டுக்கும் ஒரு அகலம் உண்டு. ரம்பம் மரத்தைத் தின்கிற மாதிரி இதுவும் தின்னும். கெர்ஃப் என்பார்கள். அதை எப்படி அளப்பது என்று அப்பாவே சொன்னார், லேசரை வாழ்க்கையில் பார்க்காமலேயே. வரிசையாக 10 கோடு வெட்டு, துண்டுகளை ஒரே பக்கம் நெருக்கித் தள்ளு, கடைசியில் மிஞ்சுகிற இடைவெளியை அளந்து 10-ஆல் வகு. எனக்கு இடைவெளி 1.8 மி.மீ. வந்தது, ஒரு வெட்டு 0.18. நான் காடியை 3 மி.மீ. என்று வரைந்திருந்தேன். லேசர் தின்றதும் அது 3.18 ஆகிவிட்டது. அதில் 2.7 பலகையைச் செருகினால் கிட்டத்தட்ட அரை மி.மீ. காற்றுதான். 2.52 என்று வரைந்திருந்தால் வெட்டிய பிறகு 2.7, கச்சிதம். வொர்க்‌ஷாப்பில் ஏழு மணி நேரத்தில் இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை. சாவிக்கொத்துக்கு எதுவும் எதிலும் செருக வேண்டியதில்லையே.

இதற்குள் அக்டோபர் பாதி முடிந்துவிட்டது. வளைகாப்புக்கு 15 நாள். அப்போதுதான் உட்கார்ந்து நேரக் கணக்குப் போட்டேன். ஒரு மாடத்துக்கு 9 நிமிடம்: வெட்ட 3, பின்பலகைக் கோலத்துக்கு 6. நாற்பதுக்கு 360 நிமிடம், 6 மணி நேரம். வாரத்துக்கு 2 மணி என்றால் மூன்று வாரம். மிஷின் வாடகை மட்டும் 4,320. ஆர்டரே 8,800. இரவு இரண்டு மணிக்கு எழுந்து இதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன், விடை மாறும் என்கிற மாதிரி. கோலம் ஏன் 6 நிமிடம் என்று மிஷின் தம்பியிடம் கேட்டேன். அதை நான் நிரப்பிய வடிவமாகக் கொடுத்திருந்தேன். லேசர் பழைய பிரின்டர் மாதிரி இடமும் வலமுமாக வரி வரியாகச் சீவிக்கொண்டு போகிறது. அதையே ஒற்றைக் கோடாகக் கொடுத்தால் நாம் கையால் போடுகிற மாதிரி இழுத்துக்கொண்டே போய்விடும். கோலம் என்பதே கோடு. அதை நிரப்பி வைத்தது என் புத்தி. மாற்றியதும் மாடத்துக்கு மூன்றரை நிமிடம் ஆனது. மொத்தம் 140 நிமிடம். விலை சொல்வதற்கு முன்னால் ஒரு துண்டை வெட்டி நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

தெம்பு வந்து 20 மாடம் போட உட்கார்ந்தேன். வெளியே அடைமழை. பலகை ஒரு வாரமாக எங்கள் வராந்தாவில் இருந்தது, எம்.டி.எஃப் ஈரத்தைக் குடிக்கும். நடுவில் லேசாக வளைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. லேசர் லென்ஸுக்கும் பலகைக்கும் உள்ள தூரம் சொன்ன அளவில் இருந்தால்தான் கதிர் ஊசி முனையாகக் குவியும். வளைந்த இடத்தில் குவியாமல் பரவி, சூடு மட்டும் ஏறும், வெட்டு முழுதாக இறங்காது. இறங்கவில்லை என்று பவரைக் கூட்டினேன். போதாததற்கு, காற்று ஊதுகிற பம்பை ஆன் செய்யவும் மறந்திருந்தேன். ஒரு போன் வந்தது. எடுத்து, "ஆங், சொல்லுங்க" என்பதற்குள் மூடிக்குள் மஞ்சளாகத் தீ. அந்தத் தம்பி எங்கிருந்து வந்தான் என்று தெரியாது, எமர்ஜென்சி பட்டனை அடித்து, மூடியைத் திறந்து, ஈரத்துணியை அமுக்கினான். கை நடுக்கம் எனக்கு ஒரு மணி நேரம் நிற்கவில்லை. 11 மாடத்துக்கான துண்டுகள் கருகிப் போயின. லேசர் ஓடும்போது கண்ணை எடுக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

இங்கே தெரிந்துகொண்டவை: பலகையைத் தரையில் படுக்கவைத்து மேலே பாரம் வைத்து, பாலிதீனில் சுற்றி வையுங்கள், வெட்டுவதற்கு முன் நான்கு மூலையிலும் நடுவிலும் உயரம் பாருங்கள், ஓரத்தில் காந்தமோ பாரமோ வைத்து அழுத்திக்கொள்ளலாம். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டினால் புகைக்கறை டேப்போடு போய்விடும். சுவரில் ஒட்டியிருக்கும் 'இவ்வளவு பவர், இவ்வளவு வேகம்' அட்டவணையை நம்பி முழு ஷீட்டை வைக்காதீர்கள். லேசர் குழாய் வயதாக ஆகச் சக்தி குறையும். அந்த அட்டவணை குழாய் புதிதாக இருந்தபோது எழுதியது. முதலில் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு நாலைந்து வட்டம் வெவ்வேறு வேகத்தில் போட்டுப் பாருங்கள். எது தட்டினால் தானாக விழுகிறதோ அந்த வேகம்.

வளைகாப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, அந்தப் பழைய கட்டிங் கடைக்காரரிடமே போய் நின்றேன். என் ஃபைலைத் திறந்து பார்த்தார். "ஃபைல் சூப்பரா இருக்கும்மா, யாரு போட்டது?" என்றார். 40 மாடத்தையும் ஒரே இரவில் வெட்டிக் கொடுத்தார், பலகையோடு 5,200 ரூபாய். அவரிடம் பெரிய மிஷின், ஷீட்டை அப்படியே வைத்து இரவெல்லாம் ஓட்டுகிற ஆள் பலம். அவரை நான் மூன்று மாதம் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். எனக்குப் புரிந்தது இதுதான்: மேக்கர்ஸ்பேஸ் என்பது ஒன்றைச் செய்து பார்க்கிற, கெடுத்துப் பார்க்கிற இடம். நாற்பதைச் செய்து தேதிக்குக் கொடுக்கிற இடம் இல்லை. முதல் மாடத்தை அங்கே சரி செய்துவிட்டு, மீதி 39-ஐக் கடையில் கொடுத்திருந்தால் எனக்குச் சந்தாவே தேவைப்பட்டிருக்காது. ஒரு நாளுக்கு மட்டும் பணம் கட்டுகிற டே பாஸ் அங்கேயே இருந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வொர்க்‌ஷாப் 3,776, சந்தா 15,930, மிஷின் நிமிடங்கள் 2,520, கெட்டுப்போன பலகையும் சன்போர்டும் 2,300, டெபாசிட்டில் பிடித்தது 1,500. மொத்தம் 26,026. பஸ் காசும், பிள்ளையை ஸ்கூலிலிருந்து கூட்டிவர ஆட்டோ வைத்ததும் இதில் இல்லை. சந்தாவின் மூன்றாவது மாதம், நவம்பர் முழுக்க, தீயின் பயத்தில் நான் அங்கே இரண்டே நாள்தான் போனேன்.

அந்த டெபாசிட் விஷயத்தையும் சொல்லி முடிக்கிறேன். 30 நாளில் திரும்ப வரும் என்று எழுதியிருந்தது. 51-ஆவது நாள் வந்தது, நாலு போன் போட்ட பிறகு. 3,500 மட்டும். லென்ஸில் கறை படிந்ததற்காக 1,500 பிடித்ததாகச் சொன்னார்கள். தீப்பிடித்தது என் தப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் லென்ஸ் எனக்கு முன்னால் வந்தவர் அக்ரிலிக் வெட்டிவிட்டுப் போனபோதே மங்கலாகத்தான் இருந்தது, அதைச் சொன்னபோது, "அப்போ போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். வைத்திருக்கவில்லை. இப்போது மாதம் ஒரு முறை டே பாஸில் அதே இடத்துக்குப் போகிறேன். பையில் அப்பாவின் வெர்னியர், ஒரு டேப் சுருள். போனதும் மூடியைத் திறந்து லென்ஸ், தேனடைத் தட்டு இரண்டையும் போனில் படம் எடுக்கிறேன், கிளம்பும்போது இன்னொரு தடவை. அந்தத் தம்பி பார்த்துச் சிரிக்கிறான். போன தடவை அவனே தேதி தெரிகிற மாதிரி தள்ளிப் பிடித்துக் கொடுத்தான்.